செலவு குறைந்த நாடு

"ஜோர்ஜியாவுல வாடகை கம்மிதான். ஆனா குளிரு இங்க மாதிரியே. என் முழங்கால் தாங்காது," என்றார் கைபேசித் திரையில், கனடாவிலிருந்து இந்திரஜித். இலங்கையின் பதுளையில் ஞாயிற்றுக்கிழமை காலை. சுபாஜினி கொப்பியைத் திறந்து, எழுதி வைத்திருந்த நாடுகளில் ஜோர்ஜியா என்ற பெயரைக் கோடு போட்டு அடித்தாள்.

அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயது. கையில் வரும் பென்ஷனை வைத்துக்கொண்டு இனிக் கனடாவில் காலம் தள்ள முடியாது. மனைவி மகள் வீட்டோடு போய்விட்டாள். அங்கே அவருக்கு அறை இல்லையாம். அதனால் செலவு குறைந்த நாடாகப் பார்த்துப் போய்விடுவது என்று மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

தாய்லாந்து, மலேசியா எல்லாம் முடிந்து, அன்று வியட்நாமில் வந்து நின்றார். அங்கே டாலாட் என்று ஒரு மலை ஊர் இருக்கிறதாம். பைன் மரமும் பனிமூட்டமுமாக நம் பண்டாரவளை மாதிரியே இருக்குமாம். மரக்கறி கொள்ளை மலிவாம்.

"தனியா இருக்குற பொம்பளைக்கு அங்க வாடகைக்கு வீடு குடுப்பாங்களா?" என்று கேட்டாள் சுபாஜினி.

குடுக்காமல் என்ன என்று சிரித்தார் அவர். தங்கச்சிக்கு அண்ணனைப் பார்க்க வந்துபோகிற ஆசை என்று நினைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிவிட்டு, நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"யோசிச்சுப் பாத்தா எதுக்கு வேற நாடு? நம்ம வீடு சும்மாதான கெடக்கு. மேல்மாடிய எனக்கு ஒதுக்கிரு. சமையலுக்கு ஆள் வேணாம், நீ இருக்க. ரிட்டையர் ஆயிட்ட, உனக்கு வேற என்ன வேலை?"

சுபாஜினி பேனாவை மூடி வைத்தாள். "வாங்கண்ணே," என்றாள்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், அப்பா சுந்தரலிங்கம் பதுளை டவுனில் இருந்த புடவைக்கடையை விற்று, இரண்டு பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கிறதென்று ஏஜென்ட் கைவிரித்துவிட்டதாக வந்து சொன்னார் இந்திரஜித். தங்கையை ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்வதாக அப்பாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

மூன்றாம் மாதம் ஒரு போட்டோ வந்தது. வெண்பனிக்கு நடுவில் அண்ணன். பக்கத்தில், ஊரில் அவர் காதலித்த பெண். அவள் போட்டிருந்த நீலச் சுவெட்டர், கனடாக் குளிருக்கென்று சுபாஜினி தன் கையால் பின்னி வைத்தது. காணவில்லையே என்று அதை அவள் வீடெல்லாம் தேடியிருந்தாள்.

அந்தப் போட்டோவைப் பார்த்த வருடமே அப்பா பாரிசவாதத்தில் ஒரு பக்கம் செயலற்று விழுந்தார். பதினொரு வருடம் அவள்தான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கவும் ஓடினாள். பெண் பார்க்க வந்தவர்கள் படுக்கையில் கிடந்த மனிதரைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அப்பா கண்ணை மூடிய அன்று டிக்கெட் விலை கூடிப்போய்விட்டதாக அண்ணன் போனில் வருத்தப்பட்டார். கொள்ளியும் அவளேதான் வைத்தாள்.

அண்ணன் வருவது முடிவானதும் சுபாஜினி மிகவும் அக்கறை காட்டினாள். "அங்க ஒண்ணும் மிச்சம் வைக்காதீங்கண்ணே. ரெண்டு எடத்துல செலவு எதுக்கு?" என்று வாராவாரம் நினைவுபடுத்தினாள். அவர் வாடகை வீட்டை விட்டார். காரை விற்றார். கட்டில், மேசையெல்லாம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்.

இன்னதை ஒழித்துவிட்டேன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நன்றாகப் பசித்தது. அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டாள்.

போனில் சுத்தியல் சத்தம் கேட்டால் அவருக்குச் சந்தோஷம். மேல்மாடியில் வேலை நடக்கிறது என்பாள் சுபாஜினி. அது உண்மைதான். பாத்ரூமுக்குக் கொமட் நல்லதாகப் பார்த்து வைக்கச் சொல்லு என்பார் அவர்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில், காலை ஏழு மணிக்கு, மூன்று பெட்டிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு இந்திரஜித் வெளியே வந்தார். தங்கை சொன்னபடியே வந்து நின்றாள். தலைக்குச் சாயம் பூசியிருந்தாள். காலடியில் ஒரு பெரிய சூட்கேஸ்.

வழிக் குளிருக்குக் கம்பளி கொண்டுவந்திருக்கிறாள் என்று அவருக்குள் ஒரு நெகிழ்ச்சி. வேன் எங்கே என்று கேட்டார்.

"வேன் இல்லண்ணே. வீட்ட வித்துட்டேன். வாங்கின எங்க ஸ்கூல் நஸ்மியா டீச்சர் மேல்மாடிய திருத்தி, வியாழக்கிழமையே குடி வந்துட்டாங்க."

அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று குரலை உயர்த்தினார். அப்பா நினைவு தப்புவதற்கு முன்பே அதை மகள் பெயருக்கு எழுதிவிட்டதையும், அண்ணன் இத்தனை வருடத்தில் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை என்பதையும் சுபாஜினி நிதானமாகச் சொன்னாள்.

இந்திரஜித் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "இப்ப நாம எங்க போறது?" என்றார்.

சுபாஜினி சூட்கேஸின் பிடியை வெளியே இழுத்தாள்.

"நாம இல்லண்ணே. எனக்கு மட்டும்தான் பத்து மணிக்கு வியட்நாம் பிளைட்."