காலில் விழுகிற ஆள்

பண்டரிபுரத்துக்கு நடந்துபோகும் பஜனைக் கூட்டத்தில், காலையிலிருந்து ஒரு புது ஆள் "மாவுலி, தாயே!" என்று ஒவ்வொருத்தர் காலிலாக விழுந்துகொண்டே வந்தான். தத்தோபாவுக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை.

"என் கால்லயும் விழுந்தான். நம்ம கூட்டத்து வழக்கப்படி நானும் சட்டுனு அவன் கால்ல விழுந்துட்டேன். ஆனா இத்தனை பேர் கால்ல எதுக்கு விழறான்?"

"நேத்து மூணு பேர் பர்ஸ் போச்சே, மறந்துட்டீங்களா?" என்றார், கூடவே நடந்த விஷ்ணுபந்த். நேற்றுத்தான் வழியில் சாஸ்வட் ஊரில் கூட்டத்தோடு வந்து சேர்ந்தவர். நெற்றி நிறையச் சந்தனம், கழுத்தில் துளசி மாலை. "குனியற சாக்குல இடுப்பைத் தடவறான் மாவுலி, ஜாக்கிரதை!"

தத்தோபா பதறிப்போய் மடியைத் தொட்டுப் பார்த்தார். சுருக்குப்பை பத்திரமாக இருந்தது.

அதற்குள் அந்த ஆள் இவர்களிடமே வந்துவிட்டான். "மாவுலி!" என்று விஷ்ணுபந்த் காலில் விழுந்தான்.

விஷ்ணுபந்த் கையை உயர்த்தி, "நல்லா இருப்பா" என்றார்.

விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அவருடைய இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"காலையிலேர்ந்து நானூறு பேர் கால்ல விழுந்தேன். அத்தனை பேரும் திரும்ப என் கால்ல விழுந்தாங்க. நின்னபடி ஆசீர்வாதம் பண்ணின ஒரே ஆள் நீதான். நட ஸ்டேஷனுக்கு!"

தத்தோபா மறுபடி மடியைத் தொட்டுப் பார்த்தார். சுருக்குப்பையைக் காணோம்.