மூன்று வேளைச் சிரிப்பு

என் கணவர் செங்கோடன் இருபது வருடம் குவாரியில் பாறை உடைத்தவர். நுரையீரல் சவ்வில் படிந்த கல்தூசியைப் பற்றிக்கொள்ளும் நானோ துகள்களை ஆஸ்பத்திரியில் மூச்சோடு இழுக்க வைத்தார்கள். வாய்விட்டுச் சிரித்தால்தான் துகளும் தூசியும் சேர்ந்து கழன்று வருமாம். "ஒரு நாளைக்கு மூணு வேளை சிரிக்கணும்," என்றார் டாக்டர்.

இந்த மனுஷனையா சிரிக்க வைக்கிறது? நகைச்சுவைப் படங்களைப் போட்டேன். உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினேன். குவாரிப் பாறை மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் அவர் கண்ணெதிரே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. என் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, பாலைப் பாத்துக்கங்கன்னுதான சொன்னேன்? முகத்துல இருக்குறது கண்ணா, வேற எதாவதா?"

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு இருமினார். துண்டில் சாம்பல் நிறத்தில் தூசி விழுந்தது.

"எனக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சதுல இருந்து நீ திட்டவே இல்ல புள்ள," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நம்ம கதை முடிஞ்சுதுன்னே நெனச்சுட்டேன்."

மறுநாள் காலை மருந்து வேளைக்கு, அவரே பாலைப் பொங்கவிட்டுவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.