பிழையில்லாத பதினான்காம் பகுதி

"இன்னைக்கு நீ அங்க போக வேண்டாம்டா" என்றாள் அக்கா, இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு.

எழுத்தாளர் பாதிச் சுருக்கத்தோடு கிடந்த சட்டையைப் பார்த்தார். ஒரே ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை வைத்து ஒன்பது நாவல், ஆறு வழிகாட்டி நூல் எழுதியவர். எந்தக் காட்சியில் கேப்டனின் ஹெல்மெட்டில் கேமராமேன் தெரிகிறார் என்பது வரை அத்துப்படி. சொந்தக் கண்ணாடியைத்தான் தினமும் தேடுவார்.

அந்தத் தொடரின் பதினான்காம் பகுதி ஒரே முறைதான் ஒளிபரப்பானது. பிறகு சிக்கனம் என்று அதே டேப்பில் பாட்டுப் போட்டியைப் பதிவு செய்துவிட்டார்கள். அதன் கதை இவர் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. பழுதாகிக் கிடக்கும் ரோபோவை விட்டுவர மனமில்லாமல், கேப்டன் அதன் பக்கத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்த கதை. வாசகர்கள் அதைப் படித்து அழுதார்கள். இவரை எழுத்துப் பக்கம் இழுத்துவிட்டதும் அதுதான். எல்லாப் பகுதிக்கும் பிழைகளைப் பட்டியல் போட்டவர், இதற்கு மட்டும் ‘பிழை ஏதுமில்லை’ என்று எழுதியிருந்தார்.

இப்போது ஓய்வுபெற்ற ஒரு தொழில்நுட்பக்காரர் வீட்டுப் பரணில் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது. மத்தியானம் ரசிகர் மன்றத்தில் திரையிடுகிறார்கள். "பதினாலாம் பகுதின்னு அந்தாளு விடறது புளுகு" என்று பத்து வருஷமாகச் சொல்லிவரும் போட்டி நூலாசிரியரும் வருகிறார்.

அக்கா முதலில் முட்டிவலி என்றாள். பிறகு மழை வரும் என்றாள். கடைசியில், உன் கண்ணால் பார்த்ததாகப் புத்தகத்தில் எழுதியிருக்கிறாயே, யாராவது துருவிக் கேட்டால் என்ன சொல்வாய் என்று ஆரம்பித்தாள்.

அங்கேதான் உதைத்தது. அவர் பார்க்கவில்லை. அன்று எட்டு வயது, கடும் காய்ச்சல். பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கதை சொன்னவள் அக்கா.

"யார் பார்த்தா என்னக்கா? கதை சரியா இருந்தா போதும். நீ ஒரு வசனம் விடாம சொன்னே. உன்னை நம்பித்தான் சவால் விட்டிருக்கேன். ஒரு வரி தப்புன்னாலும் வழிகாட்டி எழுதறதையே விட்டுடறேன்னு."

அக்கா ஒயரை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"அன்னைக்கு அவங்க வீடு பூட்டியிருந்துச்சுடா. நீ வேற வாசலையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தியா, அதான் அந்த அரை மணி நேரமும் மாடிப்படியில உட்கார்ந்து யோசிச்சு, அப்புறமா உள்ள வந்து சொன்னேன்."