பத்துக்குப் பத்து

"முதல்ல என்னைத் தூக்கி வீசுங்க. அப்புறம் பெஞ்சைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு எசென்குல் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல் பெஞ்சில் நீட்டிப் படுத்துக்கொண்டார். காலில் வீட்டுச் செருப்பு, வயிற்றின் மேல் டொமினோ பெட்டி.

பெஞ்சைப் பெயர்க்க வந்த இருவரும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு கனிமெத்தைப் பார்த்தார்கள். பிஷ்கெக் நகரத்தின் பழைய குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் திட்டத்தில் அவர்தான் பெரிய அதிகாரி. கட்டட வேலை நடக்கும் இடத்திலும் ஷூவில் தூசி படாத மனிதர்.

"அண்ணே, இது பெயின்ட் உரிஞ்ச ஓட்டை பெஞ்சு. இதை எடுத்துட்டு மூணு பூத்தொட்டி வைக்கப்போறோம். எதிர்க் கட்டடத்தைப் பாருங்க. போன வருஷம் புதுப்பிச்சோம், அங்கேயும் இதே மாதிரி ஒரு பெஞ்சை எடுத்தோம். இப்ப வாசல்ல கொறிச்சுத் துப்பின ஒரு விதைத் தோல் கிடக்குதா? ஒரு சத்தம் உண்டா?"

"சத்தமே இல்லதான்" என்று பெருமூச்சு விட்டார் எசென்குல்.

"குடியிருக்கிறவங்களுக்கு 'இது நம்ம இடம்'ங்கிற சொந்த உணர்வு, பத்துக்கு ஒன்பதரை. நானே அளந்து மேலிடத்துக்கு எழுதினேன்."

"யார்கிட்ட கேட்டு அளந்தீங்க?"

"கேக்கணுமா என்ன? நாலு தடவை போய் நின்னேன். வாசல்ல குறை சொல்ல ஒரு ஆள் இல்ல."

அப்போது தெருவிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "வீட்டுக்கு வர்றீங்களா இல்லையா? லக்மான் நூடுல்ஸ் ஆறிப்போகுது."

"வீட்லதான் இருக்கேன் பூபுசாரா" என்று எசென்குல் படுத்தபடியே கத்தினார்.

கனிமெத்துக்குச் சிலிர்த்துவிட்டது. பெஞ்சையே வீடு என்று சொல்லும் ஒருவரை இத்தனை வருட அளவீட்டில் அவர் பார்த்ததில்லை. குறிப்பேட்டைத் திறந்தார்.

"தினமும் இங்கதான் உக்காருவீங்களாண்ணே?"

"காலைல டீ. மத்தியானம் டொமினோ. சாயங்காலம் போறவன் வர்றவனைப் பத்தி நாலு பேச்சு. இதையும் பிடுங்கிட்டா நான் எங்க போவேன்? பூத்தொட்டியில குந்திக்கிட்டா ஆட முடியும்?"

அதிகாரி ஆட்கள் பக்கம் திரும்பினார். "கடப்பாரையை வண்டியில போடுங்கப்பா. பெஞ்சு இங்கேயே இருக்கட்டும்."

எசென்குல் எழுந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து சூரியகாந்தி விதையை அள்ளி அதிகாரியின் கையிலும் கொஞ்சம் கொட்டினார்.

'சொந்த உணர்வு: பத்துக்குப் பத்து' என்று அழுத்தி எழுதினார் கனிமெத். "இப்படி ஒட்டி உறவாடுற ஆள் இருக்கிற கட்டடத்தை நான் பார்த்ததே இல்லண்ணே. அறிக்கையில உங்க பேரையே போடறேன். வீட்டு நம்பர் சொல்லுங்க."

எசென்குல் ஒரு விதையைக் கடித்துத் தோலைத் துப்பினார்.

"நாப்பத்திரண்டு. எதிர்க் கட்டடம்."