கறை

இளம் நட்சத்திரங்களுக்குப் பிள்ளைக் குணம். ஒளி ஒரு நிலையில் நிற்காது. அப்படியொன்று பதினோரு நாளுக்கு ஒருமுறை லேசாக மங்குவதை நான்தான் முதலில் பார்த்தேன். குறுக்கே ஒரு கிரகம் போகிறது என்றேன்.

“கிரகமாவது! நட்சத்திரம் சுத்துறப்ப அதும்மேல இருக்கிற கறையும் சுத்துதும்மா. ஆய்வேட்டுலேர்ந்து எடுத்துரு,” என்றார் என் வழிகாட்டி, பேராசிரியர் ஞானசிகாமணி.

நான்கு வருட உழைப்பு. எடுத்தேன்.

இன்றைய செய்தித்தாளில் அவர் சிரிக்கிறார், தான் கண்டுபிடித்த கிரகத்தோடு. அதே நட்சத்திரம், அதே பதினோரு நாள். அவருடைய ஆய்வுக் கட்டுரையில் கடைசிப் பக்கம்வரை என் பெயரைத் தேடினேன். நன்றியுரையில் இருந்தேன்: “கறைகளை நீக்க உதவிய செல்வி தமயந்திக்கு.”

போன் அடித்தது. “பார்த்தியாம்மா? உன் பேரை விடலை பாரு.”

“பார்த்தேன் சார். ரொம்ப நன்றி,” என்றேன். என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து இன்னும் விழவில்லை.