எல்லை சொல்லாத வழக்கு

“மேற்கு எல்லை, பொழுதுபடுற பக்கம்.”

நீதிபதி பிராதை வாசிப்பதை நிறுத்திவிட்டு, வழக்குப் போட்ட கனகரத்தினத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாற்றை காணிக்கும் பொழுது மேற்கிலைதான் படும். மேற்கிலை ஆரின்ரை காணி இருக்கு?”

“விசாரிச்சுச் சொல்லுறன் ஐயா.”

“தெற்கு எல்லை, சிவக்கொழுந்தின்ரை ஆடு. ஆடு நடந்தால் எல்லையும் நடக்குமோ?”

“கட்டித்தான் வைச்சிருக்கினம் ஐயா.”

கோட்டில் ஒரே சிரிப்பு. கனகரத்தினத்தின் சட்டத்தரணி தில்லைநாதன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திருத்தி எழுதச் சொல்லி இந்தப் பிராது திரும்பி வருவது இது மூன்றாவது தடவை. மனிசன் வாயைத் திறந்து விபரம் சொன்னால்தானே அவரும் எழுதுவார்!

“வழக்குக்குக் காரணம் எப்ப எழுந்தது, எங்கை எழுந்தது எண்டு கட்டாயம் எழுதவேணும். நீர் ‘மனவருத்தம்’ எண்டு ஒரு சொல்லோடை விட்டிருக்கிறீர்.”

“அது உண்மை ஐயா.”

“கேக்கிற பரிகாரம், ‘கோட்டார் விரும்பினது’.” நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “கோட்டார் இதைத் தள்ளுபடி செய்யத்தான் விரும்புறார்.”

பின் வாங்கிலிருந்து ஒருவர் பதறியடித்து எழும்பினார்.

“ஐயோ, தள்ளுபடி செய்யாதேங்கோ ஐயா! பாவம், அவருக்கு இன்னொரு தவணை குடுங்கோ!”

“நீர் ஆர்?”

“எதிராளி தியாகலிங்கம், ஐயா. என்ரை காணியைத்தான் அவர் கேக்கிறார்.”

நீதிபதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே இராணுவ ஹெலிகொப்டர் இரைந்துகொண்டு போனது. சத்தம் அடங்கியதும், கடைசித் தவணை என்று ஒரு மாதம் கொடுத்தார்.

வாசலுக்கு வந்ததும் தில்லைநாதன் வெடித்தார். அவருடைய கோபத்திலும் நியாயம் இருந்தது. நீர்வேலியில் உள்ள அந்த வாழைத்தோட்டம் தியாகலிங்கம் தன் மகள் செல்வநாயகிக்குச் சீதனமாக வைத்திருந்தது. வழக்கில் கிடக்கும் காணிக்கு உறுதிப்பத்திரம் எழுத எந்த நொத்தாரிசும் உடன்படவில்லை.

“உமக்கு நெஞ்சிலை ஈரம் இருக்கோ? இன்சினியர் மாப்பிள்ளை ஓடிட்டான். பிரான்ஸ் மாப்பிள்ளை ஓடிட்டான். வங்கி மனேச்சர் வீட்டுக்காரர் தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போயிட்டினம். எல்லாம் உந்த வழக்காலை! பக்கத்து வளவிலை உம்மை மாமா எண்டு கூப்பிட்டு வளந்த பிள்ளையல்லோ? அவள் கடைசிமட்டும் குமராய் இருக்கவேணுமோ?”

கனகரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீதிக்கு இறங்கினார். அன்றைக்குக் கடையடைப்பு, பஸ் இல்லை. தியாகலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து ஏறினார். கனகரத்தினம் பின் கரியரில் ஏறிக் குந்திக்கொண்டார். வழக்காளியும் எதிராளியும் ஒரே சைக்கிளில் ஊருக்குப் போவதைச் சட்டத்தரணி வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

கோட்டில் பட்ட வெட்கம் தில்லைநாதனை விடவில்லை. தானே நீர்வேலிக்குப் போனார். நில அளவையாளரைப் பிடித்துக் காணியை அளப்பித்தார். நாலு எல்லையும் அச்சொட்டாக, ஆடு மாடு இல்லாமல் ஒரு பிராது எழுதினார். உயர் நீதிமன்றமே வந்தாலும் அதில் ஒரு பிழை பிடிக்க முடியாது.

தவணைக்கு முதல்நாள் இரண்டு பேரும் சேர்ந்தே அவர் வீட்டுக்கு வந்தார்கள்.

“ஐயா, வழக்கை வாபஸ் எடுங்கோ,” என்றார் கனகரத்தினம்.

“என்ன? இப்பதானே பிராது பிராது மாதிரி வந்திருக்கு!”

தியாகலிங்கத்தின் முகமெல்லாம் சிரிப்பு. “மருதனார்மடச் சந்தியிலை சைக்கிள் கடை வைச்சிருக்கிற பெடியன் ஒருவன் பெண் கேட்டு வந்தவன் ஐயா. காணி வழக்கிலை கிடக்கு, எப்ப முடியுமெண்டு தெரியாதெண்டு சொன்னன். ‘காணியைக் கோட்டார் வைச்சிருக்கட்டும், எனக்குச் செல்வநாயகியைத் தாங்கோ’ எண்டிட்டான்.”

“அதுக்கும் வழக்குக்கும் என்ன?”

“அதுக்குத்தானே ஐயா வழக்கு,” என்றார் கனகரத்தினம். “முதல் வந்தவை பிள்ளையை நிமிந்தும் பாக்கேல்லை. தோட்டத்துக்குள்ளை இறங்கி வாழைக்குலையைத் தடவிப் பாத்தவை. காணிக்கு வாறவையெல்லாம் கழலவேணும், பிள்ளைக்கு வாறவன் மிஞ்சவேணும். அதுவரைக்கும் வழக்கு இழுபடவேணுமெல்லே? அதுதான் எல்லை சொல்லேல்லை. எல்லாம் செல்வநாயகியின்ரை யோசனை.”

‘நெஞ்சில் ஈரம் இருக்கோ’ என்று இந்த மனிசனையா கேட்டோம் என்று தில்லைநாதனுக்குக் கூசியது. பிறகு எழும்பிப் போய், உள்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கனகரத்தினம் அண்ணை, என்ரை மகளுக்குச் சீதனமாய் நல்லூரிலை ஒரு வீடு வைச்சிருக்கிறன். அதிலை உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கெண்டு ஒரு வழக்குப் போடுவியளோ?”