பாவசங்கீர்த்தன வகுப்பு

கத்தோலிக்கக் குருமடத்தின் மாடி வகுப்பறையில் பிற்பகல் வெயில் கொளுத்துகிறது. அடுத்த மாதம் குருப்பட்டம் பெற்றுப் பாதிரியார் ஆகப்போகிறவன், ஊதாத் தோள்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பாவசங்கீர்த்தனம் கேட்க, பாவங்களைச் சொல்ல வருகிறவர்களுக்கு மன்னிப்பு வழங்கப் பழகுகிறான். மரத் தட்டிக்கு அப்பால் மண்டியிட்டிருக்கும் அவனுடைய நண்பன், பேராசிரியர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத் தணிந்த குரலில் சொல்கிறான். "சாமி, குடிச்சிட்டுப் போய் பொண்டாட்டிய பெல்ட்டால அடிச்சேன். புள்ள கால்ல விழுந்து கெஞ்சினான். அவனையும் எட்டி உதைச்சேன்." தட்டி சரிந்து விழுகிறது. தோள்துண்டு போட்டவன் நண்பனின் சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதுகிறான். ஒரு குத்து, இன்னொரு குத்து. பல் உடையும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கிறது. நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் அவன் கை ஓய்கிறது. "டேய், அது வெறும் நடிப்புடா!" என்று பேராசிரியர் கத்துகிறார். "தெரியும் சாமி." அவனுக்கு மூச்சு வாங்குகிறது. "எங்கம்மா வாங்கின அடி நடிப்பு இல்லையே. நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் வந்து இதைச் சொன்னா, நான் எப்படி மன்னிக்கிறது?" நண்பன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, கசங்கிய சீட்டைத் தொடைமேல் வைத்து நீவுகிறான். "நான் இன்னும் முடிக்கலடா. மிச்சத்தையும் கேளு."